கீமோவுக்குப் பிந்திய நரம்பு நோவுக்கு மூளைத் தூண்டல்: போவதற்கு முன்னர் செய்ய வேண்டியவை

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து, ஸ்கான் நல்லபடியாக வந்து, வீட்டில் எல்லோரும் ஆறுதலாக மூச்சு விட்ட பிறகும் கால் எரிகிறது என்று வாய் திறந்து சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். "உயிர் தப்பினதே பெரிய காரியம், இதையும் போய் டொக்டரிட்டைச் சொல்லிக்கொண்டு நிக்கிறதோ பிள்ளை" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். பாதத்தில் போர்வை பட்டாலே அவருக்கு எரியும். ஆகவே மார்கழிப் பனியிலும் கட்டிலின் கால்மாட்டில் ஒரு கதிரையைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். சொல்லத்தான் வேண்டும் அம்மா என்றேன். யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவராக வேலை செய்யும் எனக்கு இவரைப் போன்றவர்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அண்மைக்காலமாக அவர்களின் பிள்ளைகள், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து, "மூளைக்குக் காந்தம் வைத்து நோவைக் குறைக்கிறார்களாமே, அம்மாவுக்குச் செய்யலாமா" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியோடு வரும் குடும்பங்கள் படிப்படியாக என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

இந்த நோவு கற்பனை அல்ல, அரிதானதும் அல்ல. கீமோ முடிந்த முதல் மாதத்தில் ஏறத்தாழ 68 வீதமானவர்களுக்கும், மூன்றாம் மாதத்தில் 60 வீதமானவர்களுக்கும், ஆறு மாதங்களுக்குப் பின்னரும் 30 வீதமானவர்களுக்கும் நரம்புப் பாதிப்பு இருந்ததாக 2014இல் வெளிவந்த, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்த மதிப்பீடு ஒன்று காட்டியது. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பக்லிடாக்செல், குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒக்சாலிபிளாட்டின், மற்றும் சிஸ்பிளாட்டின், வின்கிறிஸ்டின், போர்ட்டிசோமிப் ஆகிய மருந்துகள் புற்றுநோய்க் கலங்களோடு நரம்புகளையும் தாக்குகின்றன. உடலிலேயே மிக நீளமான நரம்புகள் முதலில் அடிபடுவதால், நோவும் விறைப்பும் கால்விரல் நுனியில் தொடங்கிக் காலுறை போட்ட இடம் வரை மேலேறி, பிறகு கைவிரல்களுக்கு வருகின்றன. பிளாட்டினம் சேர்ந்த மருந்துகளைப் பெற்றவர்களுக்கு, மருந்து நின்ற பின்னரும் சில மாதங்களுக்கு இது கூடிக்கொண்டே போகலாம். "மருந்தை நிற்பாட்டியும் கூடுதே, வருத்தம் திரும்பி வந்துவிட்டதோ" என்று அஞ்சுபவர்கள் இதனைத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் செய்ய வேண்டியது

மூளைத் தூண்டலைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர், நோவு உண்மையில் கீமோவினால் வந்ததுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு. அதுவும் இதே பாதங்களைத்தான் பிடிக்கும். சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும், சீனி வருத்தத்துக்கு நீண்ட காலம் மெட்போமின் எடுப்பவர்களுக்கும் விற்றமின் பி12 குறையலாம். அந்தக் குறைபாட்டின் விறைப்பு கீமோவின் விறைப்பைப் போலவே இருக்கும், ஆனால் ஊசியாலோ குளிசையாலோ அதைத் திருத்த முடியும். ஆகவே இரத்தச் சீனி, பி12, தைரொயிட் ஆகிய மூன்றையும் பார்க்கும்படி கிளினிக்கில் கேளுங்கள். ஓர் எச்சரிக்கையை மட்டும் எந்தக் கிளினிக் திகதிக்கும் காத்திருக்காமல் கவனிக்க வேண்டும்: புதிதாக முதுகு நோவு வந்து, கால்கள் திடீரெனப் பலமிழந்தாலோ, சலம் போவதில் தடை ஏற்பட்டாலோ அது முள்ளந்தண்டு அமுக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

நோவின் குணத்தையும் சரியாகச் சொல்லப் பழகுங்கள். எரிவு, குளிர்ந்து நோவது, கரண்ட் அடித்தது போல வெட்டுவது, எறும்பு ஊர்வது, ஊசி குத்துவது, விறைப்பு, சொறிவு, மெல்லிய தொடுகையே நோவாக மாறுவது ஆகிய இவையே வைத்தியர் தேடும் சொற்கள். டி.என்.4 என்னும் பத்துக் கேள்விகள் கொண்ட சோதனையில் நான்கு அல்லது அதற்கு மேல் ஆம் என்று வந்தால் அதை நரம்பு நோவாகக் கருதுகிறார்கள். "கால் உழையுது" என்று மட்டும் சொன்னால் மூட்டு நோவுக்கான குளிசையோடு வீட்டுக்கு அனுப்பப்படும் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது மருந்து. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டலில் இந்த நோவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒரே மருந்து டுலொக்செட்டின் ஆகும். 231 பேரோடு நடந்து 2013இல் வெளியான ஆய்வில் அதனை முதல் வாரம் 30 மில்லிகிராம், பின்னர் நான்கு வாரங்கள் 60 மில்லிகிராம் என்று கொடுத்துப் பார்த்தார்கள். நோவு குறைந்தது, ஆனால் அளவாகத்தான் குறைந்தது. மார்பகப் புற்றுநோய்க்கான டமொக்ஸிபென் குளிசை குடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டமொக்ஸிபென் ஈரலில் மாற்றமடைந்துதான் முழு வேலை செய்கிறது, அந்த மாற்றத்தை டுலொக்செட்டின் ஓரளவு தடுக்கிறது. ஆகவே புற்றுநோய் வைத்தியருக்குத் தெரியாமல் இன்னொரு இடத்தில் எழுதி வாங்கக் கூடாது. நரம்புக்கு நல்லது என்று இணையத்தில் விற்கும் அசெட்டைல் எல் கார்னிட்டின் குளிசையைக் கீமோ நடக்கும்போது எடுக்கவே வேண்டாம். நரம்புப் பாதிப்பைத் தடுக்குமா என்று பார்த்த ஆய்வில் அது பாதிப்பைக் கூட்டியது.

மருந்தை உரிய அளவில் உரிய காலம் எடுத்தும் நித்திரை வராத அளவுக்கு நோவு நிற்குமாயின், அப்போதுதான் மூளைத் தூண்டலைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் உண்டு.

கால் நோவுக்கு ஏன் தலையில்?

இந்தக் கேள்விக்கு விளக்கம் கிடைத்தால் பயத்தில் பாதி போய்விடும். அடிபட்ட நரம்பு பாதத்திலிருந்து மாதக்கணக்காகப் பிழையான செய்திகளை அனுப்பும்போது, அவற்றைப் பெறும் முள்ளந்தண்டும் மூளையும் சிறுசிறிதாகக் கூருணர்வு அடைந்து, ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்தது போலச் சிறு சத்தத்தையும் பெரிதாகக் கேட்கத் தொடங்குகின்றன. மூளையிலிருந்து கீழிறங்கி நோவை அடக்கும் வழிகளும் நமக்கு இயல்பாகவே உண்டு. மூளையின் இயக்கப் புறணி, அதாவது கைகால்களை அசைக்கும் பகுதி, தூண்டப்படும்போது இந்த அடக்கும் வழிகள் விழித்துக்கொள்கின்றன. உடல் தானே சுரக்கும் ஓப்பியம் போன்ற பொருட்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1991இல் ஜப்பானில் சுபோகாவா என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவரது குழுவினரும் மண்டையோட்டைத் திறந்து இந்தப் பகுதியின் மேல் மின்வாய் வைத்து நோவைக் குறைத்தார்கள். அதற்கு முன்னரே, 1985இல், இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் அந்தனி பார்க்கர் குழுவினர் மண்டையைத் திறக்காமல் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் காட்டியிருந்தார்கள். இரண்டும் ஒன்றுசேர்ந்த இடத்தில்தான் இன்றைய சிகிச்சை நிற்கிறது.

இங்கே இரண்டு முறைகள் உள்ளன. டி.எம்.எஸ் என்பது எட்டு வடிவக் கம்பிச்சுருள் ஒன்றைத் தலையோடு சேர்த்துப் பிடித்து, ஒன்றரை முதல் இரண்டு டெஸ்லா வரையான காந்தத் துடிப்புகளை அனுப்புவது. டி.டி.சி.எஸ் என்பது ஈரப் பஞ்சு வைத்த இரண்டு மின்வாய்களின் ஊடாக ஒன்று அல்லது இரண்டு மில்லிஅம்பியர் மெல்லிய நேர்மின்னோட்டத்தை இருபது நிமிடம் வரை செலுத்துவது. இரண்டுக்கும் மயக்க மருந்து இல்லை, வெட்டு இல்லை. விழித்தபடி இருந்து கதைத்துக்கொண்டே செய்துகொள்ளலாம். "மூளைக்குக் கரண்ட் பிடிக்கப் போகினமோ" என்று வயதானவர்கள் அஞ்சுவது, மயக்கி வலிப்பு வரச்செய்யும் பழைய மனநலச் சிகிச்சையை நினைத்துத்தான். இது அது அல்ல என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே, பொறுமையாகச் சொல்லுங்கள்.

என்ன எதிர்பார்க்கலாம் என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். இது அடிபட்ட நரம்பைத் திருத்தாது. விறைப்பும் உணர்ச்சிக் குறைவும் அப்படியே இருக்கலாம். குறையக்கூடியது நோவு, அதனால் கூடக்கூடியது நித்திரை. பலவகை நரம்பு நோவுகளுக்கு, இயக்கப் புறணியில் அதிவேகத் டி.எம்.எஸ் கொடுப்பதற்கு ஐரோப்பிய நிபுணர் குழு 2014இலும் 2020இலும் மிக உயர்ந்த தரச் சான்றை வழங்கியது. 2021இல் பிரான்சில் 150 பேரளவில் சேர்த்து நடத்திய ஆய்வும் அதையே உறுதிப்படுத்தியது. ஆனால் கீமோவால் வந்த நோவுக்கென்றே நடந்த ஆய்வுகள் சிறியவை. வேறு நரம்பு நோவுகளில் கிடைத்த பலன் இதிலும் கிடைக்கும் என்ற நியாயமான நம்பிக்கையில்தான் வைத்தியர்கள் இதைச் செய்கிறார்கள். டி.டி.சி.எஸ் முறைக்கு உள்ள சான்று இன்னும் மெலிந்தது. "நூற்றுக்கு நூறு சுகம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

தலைக்குள் இரும்பு

இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன், ஏனெனில் வேறு நாடுகளில் அச்சிட்ட படிவங்கள் எங்கள் மக்களிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பதில்லை. காந்தத் துடிப்பு, சுருளுக்கு அருகில் உள்ள உலோகத்தை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். ஆகவே மண்டைக்குள் இரத்தக்குழாய்க் கிளிப், செவிக்குள் பொருத்திய கருவி, மூளைக்குள் வைத்த மின்வாய் உள்ளவர்களுக்கு டி.எம்.எஸ் கொடுப்பதில்லை. ஓர் அம்மாவிடம் நான் படிவத்தில் உள்ளபடியே, "தலைக்குள்ள உலோகம் ஏதும் இருக்கா அம்மா?" என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை, எனக்குத் தலையில ஒப்பரேசன் ஒண்டும் செய்யேல்லை" என்றார். படிவத்தில் இல்லை என்று அடையாளமிட்டேன். பிறகு கீமோவுக்குப் பின் முளைத்த கட்டை முடியை விலக்கிப் பார்த்தபோது, வலது காதுக்குப் பின்னால் அரைவிரல் நீளத்தில் வெள்ளைத் தழும்பு ஒன்று தெரிந்தது. "அது 90ஆம் ஆண்டு ஷெல் அடிச்ச நேரம் பட்டது. ஒரு சின்னத் துண்டு உள்ளுக்கை கிடக்கு, அது ஒண்டும் செய்யாது" என்றார். எக்ஸ்ரேயில் அந்தத் துண்டு பயற்றம் விதை அளவில் வெள்ளையாக நின்றது. முப்பது வருடங்களாகத் தன்னோடு இருப்பதை அவர் உலோகம் என்று எண்ணவே இல்லை. பிழை கேள்வியில்தான் இருந்தது. அன்றிலிருந்து நான் "ஷெல் பட்டிருக்கா, குண்டுச் சன்னம் உள்ளே கிடக்கா, கண்ணுக்குள் ஏதும் தெறித்ததா, வெல்டிங் வேலை செய்தீர்களா" என்று ஊர்ப்பேச்சிலேயே கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியே கேளுங்கள். சந்தேகம் இருந்தால் முன்னரே தலைக்கு எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தைக் கையோடு கொண்டு போங்கள். காலிலோ முதுகிலோ உள்ள துண்டு சுருளிலிருந்து தூரமாக இருப்பதால் பொதுவாகத் தடையல்ல. ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனெனில் எம்.ஆர்.ஐ எடுக்கும் இடத்தில் அது முக்கியமாகும்.

இதயத்தில் பேஸ்மேக்கர், கீமோவுக்காக நெஞ்சில் வைத்த போர்ட் ஆகியவற்றையும் சொல்லுங்கள். அதேபோல முன்னர் வலிப்பு வந்ததா, புற்றுநோய் மூளைக்குப் பரவியதா என்பவற்றை மறைக்கக் கூடாது, டி.எம்.எஸ் முறையின் மிகப் பாரதூரமான ஆபத்து வலிப்பு, அது மிக அரிதாகவே வரும், ஆனால் இப்படிப்பட்டவர்களுக்கு வாய்ப்புக் கூடும். நோவுக்குக் கொடுக்கும் ட்ரமடோல் போன்ற சில குளிசைகளும் வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்துகின்றன. எல்லாக் குளிசைகளின் மட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போவதே நல்லது. நரம்பு நோவுக்குப் பிரிகபலின் குடிப்பவர்கள் சிகிச்சை தொடங்கும் உற்சாகத்தில் அதைத் தாமாக நிற்பாட்டக் கூடாது. திடீர் நிறுத்தமே வலிப்பைக் கொண்டுவரலாம்.

இடத்தைத் தெரிவதும் பயணமும்

உங்களை அனுப்ப வேண்டியவர் உங்களைப் பார்க்கும் புற்றுநோய் வைத்தியரும் நரம்பியல் வைத்தியரும்தான். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையிலோ மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலையிலோ சிகிச்சை பெற்றவர்கள் கிளினிக் கொப்பியையும் எத்தனை சுற்று என்ன மருந்து ஏறியது என்ற விபரத்தையும் பிரதி எடுத்து வைத்திருங்கள். பிறகு சிகிச்சை கொடுக்கும் இடத்துக்குத் தொலைபேசியில் பேசி, தலையில் எந்த இடத்தைத் தூண்டுவீர்கள் என்று கேளுங்கள். மற்ற எல்லாக் கேள்விகளிலும் இது பெரியது. டி.எம்.எஸ் இயந்திரங்கள் பெரும்பாலும் மனச்சோர்வுச் சிகிச்சைக்காக வாங்கப்பட்டவை. அதற்குத் தூண்டும் இடம் நெற்றிப் பக்கத்து முன்மூளை. 2021ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆய்வில் நோவுக்கு இயக்கப் புறணி பலன் தந்தது, முன்மூளையைத் தூண்டியது, ஒப்பிடுவதற்காகத் தூண்டுவது போலப் பாவனை மட்டும் செய்த போலித் தூண்டலை விட மேலாக இருக்கவில்லை. வேகத்தையும் கேளுங்கள்: நோவுக்கு 10 ஹேர்ட்ஸ் அல்லது 20 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்குப் பத்து அல்லது இருபது துடிப்பு, என்ற உயர் வேகம் வேண்டும், 1 ஹேர்ட்ஸ் போதாது. அந்த ஆய்வில் ஓர் அமர்வுக்கு 3000 துடிப்புகள் கொடுத்து, 15 அமர்வுகளை 22 வாரங்களுக்குப் பரப்பினார்கள். முதலில் நெருக்கமாக, பிறகு இடைவெளி விட்டு. வலிப்பு வந்தால் பார்க்க வைத்தியர் அருகில் இருப்பாரா என்பதும் கேட்க வேண்டியதே.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். தொடக்கத்தில் நாள்தோறும் போக வேண்டியிருப்பதால், முதல் வாரத்துக்குத் தங்க ஓர் இடம் ஒழுங்கு செய்யாமல் புறப்பட வேண்டாம். இரவு பஸ்ஸில் போய், முகம் கழுவி, காலையில் நேராகச் சிகிச்சைக்குப் போவது எங்களில் பலருக்குப் பழக்கம். இதற்கு மட்டும் அது கூடாது. நித்திரை முழிப்பு வலிப்பு வாய்ப்பைக் கூட்டும். பகல் ரயிலில் போய், இரவு நன்றாக உறங்கி, சாப்பிட்டுவிட்டு மறுநாள் போங்கள். இடைவெளி விட்டு வரும் பிந்திய அமர்வுகளுக்கும் பணமும் துணையும் இருக்குமா என்று முதலிலேயே கணக்குப் பாருங்கள். பாதியில் விடுவதைவிடத் தொடங்காமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

அமர்வு நாள்

தலைக்கு எண்ணெய் வைக்காமல் முழுகிப் போங்கள். கொண்டை ஊசி, தோடு, மூக்குத்தி, மூக்குக் கண்ணாடி, காதில் போடும் கேள்கருவி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். தாலிக்கொடியைப் பற்றிப் பலர் தயங்கிக் கேட்பதுண்டு. காந்தப்புலம் சில சென்ரிமீற்றருக்குள்ளேயே வலுவிழந்துவிடுவதால் அது பொதுவாகத் தடையாக இருப்பதில்லை, எனினும் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். காதடைப்பான் தருவார்கள், அதைத் தவிர்க்கக் கூடாது.

முதலில் ஒற்றைத் துடிப்புகளைக் கொடுத்து, எந்த இடத்தில் எவ்வளவு வலுவில் கைப்பெருவிரல் தானாகத் துடிக்கிறது என்று தேடுவார்கள். தன் விரல் தன்னைக் கேளாமல் துள்ளுவதைப் பார்த்துச் சிலர் திடுக்கிடுவார்கள், அது அளவெடுப்பதுதான். அந்த வலுவின் 80 முதல் 90 வீதத்தில் சிகிச்சையை அமைக்கிறார்கள். நோவு ஒரு பக்கத்தில் என்றால், உதாரணமாக மார்பகச் சத்திரசிகிச்சைக்குப் பின் அக்குளிலும் மேற்கையிலும் எரிபவர்களுக்கு, எதிர்ப்பக்க மூளையைத் தூண்டுவார்கள். இரு பாதமும் நொந்தால், அதிகம் நோகும் பாதத்துக்கு எதிர்ப்பக்கத்தைத் தெரிவது வழக்கம். பிறகு மரங்கொத்தி கொத்துவது போல டக்டக்கென்று பத்துச் செக்கன், சற்று ஓய்வு, மீண்டும் பத்துச் செக்கன் என்று போகும். தலைத்தோலில் தட்டுவது போலவும், சிலருக்குத் தாடை இழுப்பது போலவும் இருக்கும். பின்னேரம் தலையிடித்தால் பனடோல் போதும். காதில் இரைச்சல் நின்றுவிடாமல் இருந்தால் அடுத்த அமர்வுக்கு முன்னர் சொல்ல வேண்டும்.

டி.டி.சி.எஸ் கருவியை வீட்டுக்கே வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் வேண்டாம், ஒன்பது வோல்ட் பற்றரியை வைத்துத் தாமாகச் செய்வது அறவே வேண்டாம். கண்காணிப்போடு செய்யும்போதும் பஞ்சை மருந்தகத்தில் வாங்கும் 0.9 வீதச் சேலைனில் நனைக்க வேண்டும், குழாய்த் தண்ணீரிலோ எங்கள் கிணற்றுத் தண்ணீரிலோ அல்ல; சாதாரணத் தண்ணீரில் நனைத்த பஞ்சினால் தோல் பொசுங்கியது உண்டு. நெற்றியில் உள்ள விபூதியையும் சந்தனத்தையும் துடைத்து, காயம் இல்லை என்று பார்த்த பிறகே மின்வாயை வைக்கலாம். எங்கள் வெக்கையில் பஞ்சு சீக்கிரம் காயும். இடையில் எரிவு கூடினால் பொறுத்துக்கொண்டிராமல் நிற்பாட்டுங்கள்.

கொப்பி

முதல் அமர்வுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்கி, ஒவ்வொரு இரவும் அன்றைய நோவைப் பூச்சியம் முதல் பத்து வரை ஓர் எண்ணாக எழுதுங்கள். எத்தனை மணித்தியாலம் உறங்கினார், எத்தனை தடவை எழும்பினார், என்ன குளிசை எடுத்தார் என்பதையும் சேருங்கள். சிகிச்சை நாட்களில் மட்டும் எழுதினால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. மூன்றில் ஒரு பங்கு அளவில், அதாவது ஆறிலிருந்து நான்குக்கு, இறங்கினால் அது உண்மையான பலன். ஒரே அமர்வோடு தீர்ப்புச் சொல்ல வேண்டாம், பலன் சில அமர்வுகளுக்குப் பின்னரே தெரியலாம். அதேபோல, கொழும்பில் மகன் வீட்டில் இருந்த மகிழ்ச்சியிலும் எண் இறங்கும். வீடு திரும்பி இரண்டு வாரமும் இறங்கியே நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு சுற்று முழுதாக முடிந்தும் எண் அசையாவிட்டால், அதை வைத்தியரிடம் காட்டி நிற்பாட்டுவதில் வெட்கமில்லை.

நோவு குறைந்தாலும் பாதம் விறைத்தே இருக்கும் என்பதால், காவலை விடக் கூடாது. ஆவணி வெயிலில் நல்லூர் வீதி மணலில் வெறுங்காலோடு பிரதட்சணை செய்தவர்களின் உள்ளங்காலில் கொப்புளத்தைக் கண்டிருக்கிறேன். சுட்டதே அவர்களுக்குத் தெரியவில்லை. நேர்த்தி இருந்தால் விடிகாலைப் பூசைக்குப் போய், மணல் சூடேறுமுன் திரும்புங்கள். வளவுக்குள் பனங்கருக்கு கிடக்கும், பின்பட்டி உள்ள செருப்போடுதான் இறங்க வேண்டும். சிலிப்பர் கழன்று போனதுகூடத் தெரியாமல் நடப்பவர்கள் உண்டு. சோறு வடிக்கும் வேலையை இன்னொருவர் செய்யட்டும். ஒக்சாலிபிளாட்டின் ஏறும் காலத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் கை விடுவதும் ஐஸ்கிறீம் சாப்பிடுவதும் வேண்டாம். நாள்தோறும் நடையும், சுவரைப் பிடித்தபடி ஒரு காலில் நிற்கும் பயிற்சியும் விழாமல் காக்கும். இரவில் மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

ஊருக்குத் திரும்பும் நாளில், தூண்டிய இடம், பக்கம், வேகம், வலு, ஓர் அமர்வின் துடிப்புகள், மொத்த அமர்வுகள் ஆகியவற்றைச் சிகிச்சை கொடுத்தவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதங்களுக்குப் பின் நோவு திரும்பிவந்து, வேறோர் இடத்தில் வேறொருவர் தொடர வேண்டியிருந்தால், அவருக்குத் தேவைப்படும் முதற் தாள் அதுதான்.